பெரிய கிளப் அழைக்கும்போது

தோட்டத்துப் பையன் ஒருவன் காலில் பந்து பேசுகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியதும், அடுத்து வரும் கேள்வி ஜோகூர் கூப்பிட்டதா, சிலாங்கூர் கூப்பிட்டதா என்பதுதான். ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலும் பந்து விளையாடும் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரை, அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கும்படி இந்த அத்தியாயம் கேட்டுக்கொள்கிறது. பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை ஓர் ஆட்டக்காரனை வளர்ப்பது, போட்டி நாளில் அவன் திடலில் நிற்கும் நேரம். பெரிய கிளப் அந்த நேரத்தைத் தருமானால் தயங்காமல் போகலாம். தராது என்று தெரிந்தால், ஆடக் கிடைக்கும் இடத்திலேயே இன்னும் இரண்டு பருவம் இருப்பது அவனுக்கு நல்லது. மற்ற எல்லாக் கணக்கும் இதற்கு அடுத்தபடிதான்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1986 செப்டம்பரில் பிறந்த எஸ். குணாளன், நெகிரி செம்பிலான் அணியில் வலது ஓரத்தில் ஓடி ஆடிப் பெயர் வாங்கியவர். 2009-இல் நெகிரி, இறுதி ஆட்டத்தில் கிளந்தானை 3-1 என்று வென்று, 61 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைச் சிரம்பானுக்குக் கொண்டுவந்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். 2010-இல் எஃப்.ஏ. கிண்ணம், 2011-இல் மறுபடியும் மலேசியக் கிண்ணம். இடையில் 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார். இவ்வளவும் நடந்தது அவர் சொந்த மாநில அணியில் இருந்தபோது. சிலாங்கூருக்கு 2012 பருவத்தில்தான் மாறினார். அப்போது அவருக்கு வயது 25. அதன் பிறகு ஜோகூர் டாருல் தாக்சிம், அங்கே அடுத்தடுத்து லீக் பட்டங்கள், 2015-இல் மலேசியக் கிளப் ஒன்று முதன்முறையாக வென்ற ஏ.எஃப்.சி. கிண்ணம். ஜோகூரில் அவர் ஓர ஆட்டத்தை விட்டு வலது பின்காவலுக்கு மாறி ஆடினார். முப்பதை நெருங்கும் வயதில் புது இடத்தில் நின்று ஆட முடிந்ததற்கு, அதற்குமுன் நெகிரியில் பல பருவங்கள் ஓடி ஆடிச் சேர்த்த அனுபவமே அடிப்படை என்பது என் கணிப்பு. பெரிய கிளப் அவரை வாங்கியபோது, அவரால் என்ன முடியும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. பதினெட்டு வயதில் போயிருந்தால் இரு தரப்புக்கும் அது தெரிந்திருக்காது.

பெரிய கிளப் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். 2014-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சூப்பர் லீக் பட்டத்தை ஜோகூர்தான் வென்று வந்திருக்கிறது. அந்தக் கிளப்பில் முதல் அணிக்குக் கீழே இரண்டாம், மூன்றாம், நான்காம் அணிகள் படிப்படியாக உண்டு. ஒரு பையனை ஜோகூர் எடுத்துக்கொண்டது என்று ஊரில் சொல்லும்போது, அவன் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படிகளில் ஒன்றாக இருக்கும். மேலே ஏற வேண்டுமானால் தேசிய அணி ஆட்டக்காரர்களையும் வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கப்பட்டவர்களையும் முந்த வேண்டும். ஒரு லீக்கில் 14 கிளப்கள் ஆடினால் ஒரு பருவத்துக்கு 26 ஆட்டம், அதாவது 2,340 நிமிடம். நடுத்தர அணி ஒன்றில் பாதி ஆட்டம் ஆடினாலே ஆயிரம் நிமிடத்தைத் தாண்டிவிடலாம். பெரிய அணியின் மாற்று வரிசையில் அமர்ந்து, கடைசிப் பத்து நிமிடத்துக்கு எட்டு முறை இறக்கப்பட்டால் எண்பது நிமிடம்தான். சமமான திறமையுள்ள இரு பையன்கள் மூன்று பருவம் இப்படி வேறு வேறு வழியில் போனால், முடிவில் யார் ஆட்டக்காரனாக நிற்பான் என்பதைச் சொல்லப் பயிற்றுநர் தேவையில்லை. முன்பு இதற்கு ஓர் இடைப்படி இருந்தது. இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் இளைஞர்கள் பெரியவர்களோடு மோதிப் பழக முடிந்தது. 2023 பருவத்திலிருந்து அந்த லீக் நிறுத்தப்பட்டு, இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோரை மையமாகக் கொண்ட எம்.எஃப்.எல். கிண்ணம் வந்தது. சம வயதினரோடு ஆடுவது பயனுள்ளதுதான். ஆனால் தன்னைவிடப் பத்து வயது மூத்த, உடம்பு முற்றிய பின்காவலரைத் தோளால் தள்ளிப் பந்தை எடுக்கும் பாடத்தை அங்கே கற்க முடியாது. ஆகவே இன்று பெரியவர்களோடு ஆடக் கிடைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

வெளிநாட்டு உதாரணங்களும் இதையே காட்டுகின்றன. நம் நாட்டு லுக்மான் ஹக்கிம் 2018 ஆசியப் பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டியில் அதிக கோல் அடித்தவராக வந்தார். பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப், மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் கையில் இருந்தது. அங்கே அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. நாடே கொண்டாடியது. ஆனால் முதல் அணிக்காக அவர் ஆடிய நேரம் மிகச் சொற்பம். பிறகு ஐஸ்லாந்தின் சிறிய கிளப் ஒன்றுக்கு இரவலாகப் போக வேண்டி வந்தது. அவர் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடி வளர வேண்டிய ஆண்டுகள் காத்திருப்பில் கழிந்தன. நார்வேயின் மார்ட்டின் ஓடகார்ட் 2015 ஜனவரியில், பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். அங்கே முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் ஹீரன்வீன், வித்தெஸ், ஸ்பெயினின் ரியல் சொசியெதாத் என்று சுமாரான கிளப்களுக்கு இரவலாகப் போய் ஆடியபிறகுதான் அவர் ஆர்சனலுக்குத் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார். மாட்ரிட்டின் பயிற்சித் திடல் தராததை ஹீரன்வீனின் சனிக்கிழமை ஆட்டங்கள் தந்தன. நமக்கு இன்னும் பக்கத்தில் தாய்லாந்தின் சனாதிப் சொங்கிராசின் இருக்கிறார். ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர்கூட இல்லாத உயரம். பி.இ.சி. தேரோவிலும் முவாங்தோங்கிலும் ஆண்டுக்கணக்கில் ஆடித் தேறியபின், 23 வயதில் 2017-இல் ஜப்பானின் சப்போரோவுக்குப் போனார். மறு ஆண்டே ஜே லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. பெரிய கிளப்பில் புல் திடல், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், உணவு ஆலோசகர், நல்ல பயிற்றுநர் என்று எல்லாமும் உண்டு. தோட்டத்துத் திடலிலும் சிறு அணியிலும் இவை எங்கே இருக்கின்றன என்று கேட்பார்கள். ஜோகூரின் ஸ்ரீ கெலாம் பயிற்சி மையத்துக்கு ஈடான வசதி நாட்டில் பெரும்பாலான கிளப்களுக்குக் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் இந்த வசதிகளின் பயன் வயதுக்கு வயது மாறுகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை பந்தைத் தொடும் விதமும் உடல் அமைப்பும் உருவாகும் காலம். அப்போது நல்ல பயிற்சி மையம் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்களில் படிவம் ஒன்றிலேயே சேர வாய்ப்பு வந்தால், வீட்டை விட்டுப் பிரியும் வருத்தம் இருந்தாலும், அனுப்பி வையுங்கள் என்றே சொல்வேன். அங்கே படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே கிடைக்கின்றன, சம வயதுப் போட்டிகளும் உண்டு. பதினெட்டுக்கு மேல் கணக்கு வேறு. கற்றதைப் பெரியவர்களின் போட்டியில் பயன்படுத்திப் பார்க்க வேண்டிய காலம் அது. அந்த வயதில் வசதியான மையத்தில் ஆட்டமில்லாமல் இருப்பவன், கற்றதை இழக்கத் தொடங்குகிறான்.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. இதை அலட்சியமாகத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை நம்பிச் செம்பனைத் தோட்டத்திலோ நீலாய்த் தொழிற்சாலையிலோ உழைக்கும் வீட்டில், பையனுக்கு மாதம் மூவாயிரம், நாலாயிரம் என்று யாராவது சொன்னால், பொறுத்திரு என்று அறிவுரை சொல்வது எளிதல்ல. அப்பாவுக்கு முதுகுவலி, தங்கைக்குப் படிப்புச் செலவு, மாறிப்போன தாமான் வீட்டுக்குத் தவணை என்று எத்தனையோ இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமும் கையில் வரும் சம்பளமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது மலேசியக் காற்பந்தின் நெடுநாள் நோய். ஆகவே தொகையை மட்டும் பார்க்காமல், எத்தனை மாதத்துக்கு, யார் பொறுப்பில், என்ன நிபந்தனையில் என்று பாருங்கள். இரண்டு ஆண்டு மூவாயிரம் வாங்கி, ஆடாமல் இருபது வயதில் வெளியே வந்து நிற்பவனுக்கு அடுத்த கிளப் கிடைப்பது கடினம். ஈராயிரத்துக்கு நெகிரியிலோ வேறொரு நடுத்தர அணியிலோ ஆடி, இருபத்து மூன்று வயதில் பேரம் பேசும் நிலைக்கு வருபவன், விட்ட தொகையை அடுத்த ஒரே ஒப்பந்தத்தில் மீட்டுவிடலாம். காற்பந்து வாழ்க்கை முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதோடு முடிகிறது. அந்தப் பதினைந்து ஆண்டு வருமானத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், முதல் இரண்டு ஆண்டின் சம்பளத்தைவிட நடு ஆறு ஆண்டின் சம்பளம்தான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

சிறிய கிளப்தான் முதலில் சம்பளத்தை நிறுத்தும் என்பார்கள். உண்மை, பெரிய பெயர் கொண்ட மாநில அணிகளும் நிறுத்தியிருக்கின்றன என்பதும் உண்மை. மலேசிய இந்தியர் காற்பந்து முயற்சியில் பிறந்த மிஃபா அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019-இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. பிந்தைய பருவங்களில் வெளிநாட்டவரை நம்பாமல் உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆடியது. நம் பிள்ளைகள் பலருக்கு உயர் லீக்கில் ஆட வழி திறந்த அணி அது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிவிட்டது. நம் சமூகத்துக்கு அது பேரிழப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆகவே எந்தக் கிளப் ஆனாலும், பெரிதோ சிறிதோ, ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி வரி வரியாகப் படிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஐந்து ஆண்டு என்று எழுதி நீட்டினால் வாங்காதீர்கள். பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். மருத்துவச் சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதையும் ஃபிஃபா அனுமதிப்பதில்லை; சோதனை முடிந்தபின்தான் கையெழுத்து. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்து மூலம் பதினைந்து நாள் கெடு கொடுத்து, அதற்குள்ளும் வராவிட்டால் ஆட்டக்காரர் விலகிக்கொள்ளலாம் என்பது ஃபிஃபா வகுத்த அளவுகோல். அதே வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களில் சம்பளம் தொடருமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இரவலுக்கு அனுப்பும் வழி உண்டா என்று கேளுங்கள். பருவத்தில் இத்தனை ஆட்டம் ஆடாவிட்டால் இரவலுக்கு விடுவோம் என்று கிளப் எழுதிக் கொடுக்க முன்வந்தால், அந்த ஒரு வரி ஐந்நூறு ரிங்கிட் சம்பள உயர்வைவிட மேலானது.

சேமநிதியைத் தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 5,000 ரிங்கிட் வரையுள்ள சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. மூவாயிரம் ரிங்கிட் வாங்கும் பையனுக்காகக் கிளப் தன் பங்காக மாதம் 390 ரிங்கிட் கட்ட வேண்டும். கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். சேமநிதியோ சொக்சோவோ கட்டுவது நின்றால், கிளப்பின் கையில் பணம் வற்றுகிறது என்று எடுத்துக்கொண்டு அப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் முற்றினால் மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தை நாடலாம். சம்பள நிலுவை வழக்குகளைக் கையாண்டு பழகிய சங்கம் அது. சிக்கல் வருமுன்பே அதில் உறுப்பினராகிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. தோட்டத்துப் பக்கம் எந்தத் தேர்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. வந்த ஒரே அழைப்பையும் விட்டால் மறு அழைப்பு வராது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செண்டாயானிலும் நீலாயிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின; குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. கோயிலுக்கும் ஆபீசுக்கும் நடுவே இருந்த திடலில் மாலைதோறும் ஆடிய தோட்டக் குழுக்கள் கலைந்தன. ஆனாலும் அழைப்பு ஒருமுறைதான் வரும் என்பது சரியல்ல. ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அது மறுபடியும் வரும். தேர்வாளரின் கண்ணில் படும் இடங்கள் தெரிந்தவைதான்: பள்ளி விளையாட்டு மன்றத்தின் மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகள், சுக்மா, மாநில அணியின் இளையோர் கிண்ண, தலைவர் கிண்ணத் தேர்வுகள். அங்கே தவறாமல் பங்கெடுக்கும் பையனைக் கே. தேவன் போன்ற பயிற்றுநர்கள் பார்க்காமல் போக மாட்டார்கள். தேவன் பயிற்சியில்தான் நெகிரி 2021-இல் பிரீமியர் லீக்கை வென்று மேலேறி, மறு ஆண்டு சூப்பர் லீக்கில் நான்காம் இடம் பிடித்தது. தேர்வு நடக்கும் நாள் தெரிந்திருக்க வேண்டும், அன்று பையனை அழைத்துப் போக வண்டி இருக்க வேண்டும். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தடையாவது இந்த இரண்டுதான். நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் தீரும்.

வேறு இரண்டு தடைகளும் உண்டு. இவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்கும் பையனுக்கு அந்த ஆண்டு ஆட்ட வயதில் கழிந்துவிடுகிறது. போட்டிகளின் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைப் பார்க்கிறது, வகுப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டிலேயே மலாய்மொழியில் கவனம் செலுத்துங்கள், காற்பந்துக்காகவாவது. மற்றது ஆவணம். பிறப்புப் பத்திரத்தில் பிழை, நீல அடையாள அட்டை இல்லாமை என்ற குறைகள் நம் தோட்டப்புறங்களில் இன்னும் தீரவில்லை. குடியுரிமை உறுதியாகாத பையனை உள்ளூர் ஆட்டக்காரன் என்று எந்தக் கிளப்பாலும் பதிவு செய்ய முடியாது. பதினேழு வயதில் ஒப்பந்தம் மேசைக்கு வந்தபின் பதிவிலாகா வாசலில் நிற்பதைவிட, பத்து வயதில் நிற்பது மேல். வெளிநாட்டு வாய்ப்பு என்று யாராவது வந்தால், பதினெட்டு வயதுக்குமுன் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா சில விலக்குகள் தவிரத் தடைசெய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பதினாறு வயதுப் பையனை ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன், முதலில் இவ்வளவு கட்டுங்கள் என்று கேட்பவரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான முகவர் ஃபிஃபா உரிமம் வைத்திருப்பார், பெற்றோரின் எழுத்துச் சம்மதமில்லாமல் சிறுவரிடம் பேச அவருக்கு அனுமதியில்லை, அவருடைய கூலி ஒப்பந்தத் தொகையிலிருந்து வரும்.

தோட்டக் குழுக்களை நடத்துவோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தம் முடியுமுன் விலைக்கு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்த விலையில் 5 விழுக்காடு அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயதுவரை பயிற்றிய கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுவரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் கால் விழுக்காடு. ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மாறுகிறவரை அந்த நாலு ஆண்டும் பயிற்றிய குழுவுக்கு ஆயிரம் டாலர் கிடைக்கும். சிறு குழு ஒன்றுக்கு அது இரண்டு ஆண்டுக்குப் பந்தும் காலணியும் வாங்கும் பணம். ஆனால் குழு காற்பந்துச் சங்கத்தில் முறையாகச் சேர்ந்து, பையனின் பெயர் அங்கே பதிவாகியிருந்தால்தான் இது கிடைக்கும். பதிவில்லாத குழு எத்தனை பேரை உருவாக்கியிருந்தாலும் கணக்கில் வராது. உள்ளூருக்குள்ளேயே மாறும் ஆட்டக்காரருக்கு இந்த விதி பயன்படாவிட்டாலும், பதிவு இருந்தால் குழுவின் பெயர் அவருடைய ஆட்ட வரலாற்றில் நிற்கும், மாநிலப் போட்டிகளிலும் குழு கலந்துகொள்ளலாம்.

எஸ்.பி.எம். தேர்வைப் பற்றிக் கடைசியாக ஒன்று. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லும் கிளப்பிடம், தேர்வு முடிந்து வருகிறோம் என்று சொல்லத் தயங்காதீர்கள். பையனை உண்மையாக வேண்டும் என்று நினைக்கும் கிளப் காத்திருக்கும். முழங்கால் தசைநார் ஒருமுறை அறுந்தால் பத்து மாதம் போய்விடும், சிலருக்கு ஆட்டமே போய்விடும். அப்போது கையில் சான்றிதழ் இருந்தால் தொழிற்கல்லூரிக்கோ பயிற்றுநர் உரிமத்துக்கோ விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே கையெழுத்து வாங்க யாராவது அவசரப்படுத்தினால், ஒரு வாரம் கேளுங்கள். நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, மலாயும் ஆங்கிலமும் சட்டமும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு வாரத்தில், எங்கள் பையன் அடுத்த பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆடுவான் என்று கிளப்பின் பயிற்றுநரிடம் நேருக்கு நேர் கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.